வியாஹொயோசா: கடலிலிருந்து வரும் திருவிழா

காதில் இன்னும் வெடிச்சத்தம் ஓயவில்லை, சட்டையெல்லாம் வெடிமருந்து வாசனை. எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று வரிசையாக எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கடற்கரையைச் சொல்லாமல் வேறு எதுவும் எழுத வரவில்லை.

ஸ்பெயினில் அலிகாந்தே நகருக்கு வடக்கே இருக்கும் மீன்பிடி ஊர் வியாஹொயோசா. ஜூலை 24 முதல் 31 வரை மூர்-கிறிஸ்தவர் திருவிழா, அதாவது வட ஆப்பிரிக்க முஸ்லிம்களான மூர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த சண்டையை நடித்துக் காட்டும் விழா. 1538இல் வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர் ஊரைத் தாக்க வந்தபோது, பாதுகாவலியான புனித மார்த்தாள் அமதோரியோ ஆற்றில் திடீர் வெள்ளம் வரச்செய்து கப்பல்களைச் சிதறடித்தாள் என்பது ஊர் நம்பிக்கை. அல்கோயில் நடக்கும் விழாதான் அதிகப் புகழ் பெற்றது. ஆனால் அது மலையூர். இங்கே எதிரி நிஜமாகவே கடலில் வருகிறான்!

28ஆம் தேதி விடியற்காலை. இருட்டில் படகுகள் கரையை நெருங்க நெருங்க, இரண்டு பக்கமும் பழங்காலத் துப்பாக்கிகள் முழங்குகின்றன. புகையில் கடலே தெரியவில்லை. பட்டும் ஜரிகையுமாக உடுத்திய மூர்கள் தண்ணீரில் குதித்துக் கரையேறுகிறார்கள். காலையில் கோட்டை அவர்கள் கைக்குப் போகிறது, மாலையில் கிறிஸ்தவர்கள் மீட்கிறார்கள். முடிவு எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பக்கத்தில் இருந்த பாட்டி எழுந்து நின்று கத்தினார், நானும் கத்தினேன். காசு கொடுத்துப் பார்க்கும் எந்த நிகழ்ச்சியும் இதற்கு ஈடாகாது. இதற்கு டிக்கெட்டே கிடையாது, மணலில் இடம் பிடித்தால் போதும்.

டாக்சிக்காரரிடம்தான் காசு போனது. விழா நாட்களில் ஊருக்குள் அறை வாடகை கட்டுப்படியாகாது என்று பத்து கிலோமீட்டர் தள்ளி பெனிடார்மில் தங்கியிருந்தேன். நள்ளிரவில் வண்டி பிடித்தால், மீட்டரே போடாமல் 40 யூரோ என்றார். பாதிக்கு மேல் கொடுக்க வேண்டிய தூரமே இல்லை. வேறு வண்டியும் இல்லை. திருவிழாவுக்கு வருகிறவர்களிடம் இப்படிப் பிடுங்குவது அநியாயம். மறுநாள் சாப்பாட்டுச் செலவு அதிலேயே போய்விட்டது.

அந்தக் கோபத்தை ஆற்றியது சாக்லேட். இது சாக்லேட்டுக்குப் பேர்போன ஊர், வலோர் நிறுவனம் 1881இல் இங்கேதான் தொடங்கியது. விடியற்காலைச் சண்டை முடிந்து வெளிச்சம் வந்ததும், கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியான சூடான சாக்லேட்டில் சுரோ என்ற பொரித்த மாவுப் பலகாரத்தை முக்கிச் சாப்பிட்டேன். இரண்டாவது கோப்பையும் வாங்கினேன்.

அப்புறம் ஊர் அருங்காட்சியகமான விலாமுசேயு. 2000இல் இரண்டு முக்குளிப்பாளர்கள் இந்தக் கடலடியில் முதல் நூற்றாண்டு ரோமானியச் சரக்குக் கப்பலைக் கண்டார்கள். கப்பலுக்கு அவர்கள் பெயரையே சேர்த்து பௌ ஃபெரர் என்று வைத்திருக்கிறார்கள். தெற்கு ஸ்பெயினின் காடிஸ் பக்கத்தில் செய்த மீன் சாஸை ஜாடி ஜாடியாக ஏற்றி வந்த கப்பல். கடற்கரையோடு திரும்பிவிடாமல் இதையும் பாருங்கள்.

போகும் வழி: அலிகாந்தே லூசெரோஸ் நிலையத்திலிருந்து எல்1 டிராம், பெனிடார்மிலிருந்தும் அதே டிராம்தான். 27ஆம் தேதி மாலையே இறங்கி, இரவை மணலிலேயே கழித்துவிடுங்கள். அறை வாடகையும் மிச்சம், டாக்சிக்காரரிடம் கெஞ்சவும் வேண்டாம்.