அனுமதி கேட்கும் பெட்டியை அணைக்கலாமா? மாமாவின் கணினியில் நாங்கள் செய்தது

மும்பை சயானில் இருக்கும் என் மாமா, ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறார். தாராவி 90 அடி சாலையில் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர்கள்தான் பெரும்பாலும் அவரிடம் வருகிறவர்கள். ஜிஎஸ்டி வரிக்காக மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று தேதி துரத்தும் வேலை. அவருடைய விண்டோஸ் கணினியில் பழைய கணக்கு மென்பொருளைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் திரை மங்கி, மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். ரிப்பேருக்கு வந்த ஒருவர், அதை ஒரேயடியாக அணைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“ஏய்யா, அணைச்சிரலாமா? எதுக்குக் கேக்குன்னே தெரியல, யெஸ்ஸ அமுக்கிட்டே இருக்கேன்” என்றார் மாமா.

எதுக்குக் கேட்கிறது என்று தெரியாமல் அமுக்குவதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. அணைப்பதற்கு முன்னால் அதைக் கண்டுபிடிப்போம் என்றேன்.

இந்தப் பெட்டிக்குப் பெயர் யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல், சுருக்கமாக யூஏசி. 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வீடுகளுக்கு வந்தது. அப்போது தொட்டதற்கெல்லாம் கேட்டதால் மக்கள் வெறுத்தார்கள். 2009-இல் வந்த விண்டோஸ் 7 அதைத் தணித்து, நான்கு நிலைகளில் மேலும் கீழும் நகர்த்தும்படி செய்தது. நாம் அட்மின் கணக்கில், அதாவது கணினியில் எதையும் மாற்றும் அதிகாரம் உள்ள பயனர் கணக்கில், நுழைந்திருந்தாலும் விண்டோஸ் நம் நிரல்களைக் குறைந்த அதிகாரத்தோடுதான் ஓட்டுகிறது. முழு அதிகாரம் தேவைப்படும்போது மட்டும் நிறுத்திக் கேட்கிறது. அடிமட்ட நிலைக்கு இழுத்துவிட்டால் கேள்விதான் மறையும். நமக்குப் பதிலாக விண்டோஸே ‘சரி’ சொல்லிவிடும். அதைக் கோருவது கணக்கு மென்பொருளா, யாரோ அனுப்பிய கோப்பா என்ற வித்தியாசம் அதற்குக் கிடையாது.

திரை மங்காமல் கேட்கும் நிலை ஒன்றும் உண்டு. மாமாவுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அந்த மங்கல் அலங்காரத்துக்காக வருவதல்ல. அந்த நேரத்தில் விண்டோஸ் தனித் திரைக்கு மாறிவிடுகிறது. மற்ற நிரல்களால் அங்கே புகுந்து ‘யெஸ்’ஸை அமுக்க முடியாது. தொலைவிலிருந்து நம் கணினியை இயக்க விடும் குவிக் அசிஸ்ட் போன்றவற்றில், பெட்டி வரும்போது எதிர்முனையில் இருப்பவருக்குத் திரை கறுத்துவிடும். வைரஸ் வந்துவிட்டது என்று பயமுறுத்தி, திரையைப் பகிரச் சொல்லும் மோசடிப் பேர்வழிகளுக்கு அது ஒரு தடை. அறுபதைத் தாண்டியவர் தனியாக உட்கார்ந்து வேலை பார்க்கும் கணினியில் அந்தத் தடையை எடுக்க எனக்கு மனமே வரவில்லை.

காரணம் சீக்கிரம் கிடைத்தது. மென்பொருளின் ஐகானில் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்தைப் பார்த்தால், எப்போதும் அட்மினாக ஓட்டு என்ற கட்டத்தில் டிக் இருந்தது. அந்த மென்பொருள் தன் கணக்குக் கோப்புகளை, மென்பொருள்கள் நிறுவப்படும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருந்தது. சாதாரண அதிகாரத்தில் அங்கே எழுத முடியாது. அதற்காக யாரோ டிக் போட்டிருக்கிறார்கள்.

இதே சிக்கலில் இருப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருங்கள். டிக்கை மட்டும் எடுத்தால் போதாது. பழைய 32-பிட் நிரல் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முயன்றால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதை உங்கள் பயனர் கணக்கின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடலாம். அட்மினாகத் திறந்தால் ஒரு பேரேடு, சாதாரணமாகத் திறந்தால் இன்னொரு பேரேடு! கணக்கு எழுதுகிறவருக்கு இதைவிடக் கெட்ட கனவு கிடையாது. அந்த ஃபோல்டரில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். நல்லவேளை, காலியாக இருந்தது.

கோப்புகளை முழுவதும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்தோம். பிறகு டி டிரைவில் புது ஃபோல்டர் போட்டு அங்கே மாற்றினோம். மென்பொருளின் அமைப்புகளில் புது இடத்தைக் காட்டிவிட்டு, கடைசியாகத்தான் டிக்கை எடுத்தோம். பெட்டி வராமல் திறந்தது. ஒவ்வொரு கடையின் இறுதி இருப்பையும் மாமா தன் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார். அந்தப் பொறுமையைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்றாட வேலைக்கு அட்மின் கணக்கு தேவையே இல்லையே. கடவுச்சொல்லோடு புதிதாக ஓர் அட்மின் கணக்கு உருவாக்கி, அதில் நுழைய முடிகிறதா என்று சோதித்த பிறகு, மாமாவின் பயனர் கணக்கை ஸ்டாண்டர்டாக, அதாவது அட்மின் அதிகாரம் இல்லாத சாதாரணக் கணக்காக, மாற்றினேன். வரிசை முக்கியம், முதலில் புது அட்மின் கணக்கு. டெஸ்க்டாப், கோப்புகள் எதுவும் இடம் மாறவில்லை. இப்போது பெட்டி வந்தால் ‘யெஸ்’ மட்டும் போதாது, அட்மின் கடவுச்சொல்லும் வேண்டும்.

அத்தை உடனே கேட்டார்: “அப்போ நீ இல்லாத நேரத்துல பிரிண்டர் மக்கர் பண்ணினா?”

நியாயமான கேள்வி. கடவுச்சொல்லை நான் வைத்துக்கொள்ளவில்லை, மாமாவின் நோட்டிலேயே எழுதிக் கொடுத்தேன். கணினி அவருடையது, முடிவும் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். பெட்டி வந்தால் மூன்றைப் பார்க்கச் சொன்னேன்: நிரலின் பெயர், வெளியிட்டவர் யார், இப்போது நானாக எதையாவது தொடங்கினேனா. வெளியிட்டவர் தெரியவில்லை என்றால் பெட்டி மஞ்சள் நிறத்தில் வரும். சந்தேகம் இருந்தால் ‘நோ’. அதனால் எதுவும் கெட்டுவிடாது, யோசித்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம்.

யூஏசி எல்லாவற்றையும் தடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். மாமாவின் சொந்தக் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேருக்கு அட்மின் அதிகாரமே வேண்டாம். அவர் திறக்கும் ஒரு தவறான இணைப்பு போதும், பெட்டி எதுவும் வராமலே அது டி டிரைவில் உள்ள பேரேடுகளைத் தொட்டுவிடும். அதனால் 3பி தாக்கல் முடிந்ததும் மாமா ஹார்ட் டிஸ்கைச் செருகி நகல் எடுக்கிறார். எடுத்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறார். செருகியே விட்டால் அந்த நகலும் சேர்ந்து போய்விடும் என்று அத்தைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.