சீன வீரகதைகளுக்கு ஆங்கிலத்தில் எது முதல் வாசல்?

மலேசியாவின் பீடோரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வளர்ந்த எங்கள் தலைமுறைத் தமிழர்களுக்குச் சீன வீரகதைகள் புத்தகமாக அறிமுகமாகவில்லை. ஹாங்காங் தொலைக்காட்சித் தொடர்களைக் கன்டனீஸ் பேச்சோடும் மலாய் வசன வரிகளோடும் பார்த்துத்தான் அறிந்தோம். ஆகவே 2018 பிப்ரவரியில் ஹாங்காங் எழுத்தாளர் ஜின் யோங்கின் கழுகு வீரர்களின் கதை (Legends of the Condor Heroes) என்ற பெருநாவலின் முதல் பாகம் அன்னா ஹோம்வுட்டின் மொழிபெயர்ப்பில் லண்டனிலிருந்து வெளிவந்தபோது, எங்களுக்குப் பழகிய அதன் நாயகன் குவோ ஜிங்கையும் நாயகி ஹுவாங் ரோங்கையும் உலகம் புதியவர்களாக வரவேற்றது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருந்தது.

அந்த நாவல் 1957 முதல் 1959 வரை ஹாங்காங் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்தது. அது ஆங்கிலத்துக்கு வர ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆனதற்கு, சீனப் பண்பாடு வெளியாருக்கு விளங்காது என்ற காரணத்தையே பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜின் யோங் அதற்கு முன்பே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டார். முதலில் கொடுக்கப்பட்ட நாவல்கள்தாம் புதிய வாசகருக்குப் பொருந்தவில்லை.

1993இல் ஒலிவியா மோக் மொழிபெயர்த்த பனிமலை நரி நாவலை ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. கதை நிகழ்வது ஏறத்தாழ ஒரே நாளில். பழைய பகை ஒன்றை ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் சொல்ல, கதைக்குள் கதையாக அது விரிகிறது. நுட்பமான அமைப்புதான், ஆனால் குருகுலப் பகை என்றால் என்னவென்றே அறியாத வாசகர் அதில் எளிதில் திணறிப்போவார். அடுத்து, ஜான் மின்ஃபோர்ட் ஜின் யோங்கின் கடைசி நாவலான மானும் கொப்பரையும் (The Deer and the Cauldron) நூலை 1997 முதல் 2002 வரை மூன்று தொகுதிகளாக, ஐம்பது அத்தியாயங்களை இருபத்தெட்டாகச் சுருக்கித் தந்தார். அதன் நாயகன் வெய் சியாவ்பாவ் யாங்ஜோ விலைமாதர் இல்லத்தில் பிறந்தவன்; சண்டையில் தேர்ச்சியற்றவன்; பொய்யாலும் வாய்ச் சாமர்த்தியத்தாலும் பேரரசர் வரை நெருங்குபவன். முன்னைய நாவல்களில் தாமே கட்டியெழுப்பிய வீர இலக்கணத்தை ஜின் யோங் அதில் கிண்டல் செய்கிறார். மின்ஃபோர்டின் ஆங்கிலம் அருமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் எதைக் கிண்டல் செய்கிறார் என்று தெரியாதவருக்கு அந்தக் கிண்டலில் பாதி போய்ச் சேராது.

2018இல் தொடங்கிய நாவலில் இந்தச் சிக்கல் இல்லை. குவோ ஜிங் செங்கிஸ்கானின் முகாமில், மங்கோலியப் புல்வெளியில் வளர்பவன். எதையும் மெதுவாகவே கற்பவன். தென்னாட்டு வீரர் உலகின் குழுக்கள், பகைகள், அடிமுறைகள் எதையும் நேரில் அறியாதவன். அவன் தெற்கே பயணம் செய்து ஒவ்வொன்றையும் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொள்ளும்போது வாசகரும் கூடவே தெரிந்துகொள்கிறார். அடிக்குறிப்பு செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியைக் கதாநாயகனே செய்துவிடுகிறான். ஹோம்வுட், ஜிஜி சாங், ஷெல்லி பிரயன்ட் ஆகியோரின் உழைப்பில் நான்கு பாகங்களும் 2021க்குள் நிறைவுற்றன. ஜின் யோங் 2018 அக்டோபரில் மறைந்ததால் முதல் பாகத்தின் வரவேற்பை மட்டுமே காண அவருக்கு வாய்த்தது.

இந்நாவலை விற்க மோதிரங்களின் அரசனோடு ஒப்பிட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அது கற்பனை நிலத்தில் நிகழும் கதை. இதுவோ 1127இல் வடக்கிலிருந்து வந்த ஜூர்சென் இனத்தார் சீனாவின் சோங் அரசமரபின் தலைநகரைக் கைப்பற்றிப் பேரரசர்களைச் சிறைகொண்டு போன அவமானத்தை நினைவூட்டும் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இடுவதிலிருந்து கிளம்பும் கதை. அப்பெயர்களை இடும் தாவோ துறவி சியூ சூஜி வரலாற்றில் வாழ்ந்தவர். செங்கிஸ்கானை நேரில் சந்தித்தவர். மெய்யான மன்னர்களுக்கு நடுவே கற்பனை மனிதர்களை நடமாடவிட்டு வாரந்தோறும் வாசகரைக் காக்க வைத்த கல்கியின் பொன்னியின் செல்வன் 1950இல் தொடராகத் தொடங்கியது. ஜின் யோங்கின் முதல் தொடர் 1955இல். தமிழ் வாசகருக்கு இதைவிடப் பொருத்தமான அறிமுகம் வேண்டியதில்லை.

இடைப்பட்ட காலத்தில் இணையத்தில் ஊதியமின்றி அத்தியாயம் அத்தியாயமாக மொழிபெயர்த்த இளைஞர்களுக்கும் இக்கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு உண்டு. ஆனால் 2014க்குப் பின் அங்கே பெருகியவை பெரும்பாலும் சாகாவரம் தேடும் மாயக்கதைகள். அவற்றின் சுவை வேறு.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இந்த வரிசையில் இருக்கிறார். நால்வர் என்ற காவல் வீரர் கதைகளை எழுதிய வென் ருயியான் 1954இல் பேராக்கில், இதே பீடோரில் பிறந்தவர். தைவானுக்குப் படிக்கச் சென்று, 1980இல் அங்கே கைதாகி நாடுகடத்தப்பட்டு, பின்னர் ஹாங்காங்கில் எழுத்தை வளர்த்தவர். அக்கதைகள் 2012இல் திரைப்படமாகவும் வந்தன. ஆனாலும் ஜின் யோங்குக்குக் கிடைத்த அளவு கவனம் ஆங்கிலத்தில் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் அடிப்படையில் கவிஞர். வாக்கியங்களை உடைத்து, ஒரே சொல்லில் பத்தியை முடிப்பவர். மொழிபெயர்ப்பாளருக்கு அது கடும் சோதனை என்றாலும், தொடங்குவதற்கு ஏற்ற நூல் அவரிடமும் இருக்கிறது. நால்வருக்கும் தனித்தனி வழக்காக எழுதி, முடிவில் அவர்களைத் தலைநகரில் ஒன்றுகூட்டும் ஆரம்பக்காலக் கதைத்தொகுதிதான் அது. நால்வரில் ஒருவரான, கால்கள் செயலிழந்த வுச்சிங் மறைவாயுதங்களால் மட்டுமே எதிரிகளை வெல்வது அதில்தான். துப்பறியும் கதை படித்துப் பழகிய எந்த ஆங்கில வாசகரும் அதற்குள் எளிதாக நுழைந்துவிடுவார். அவருடைய நீண்ட நாவல்களை அதற்கு அடுத்தபடியாகக் கொண்டுவரலாம்.