பெட்டிக்குள் வந்த பீடம்

அப்பாச்சி சிலுவை போடும்போது கடைசி வரைக்கும் "பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே, ஆமென் சேசு" என்றுதான் சொன்னார். வீட்டில் மற்ற எல்லோருக்கும் அது "தூய ஆவியார்" ஆகிப் பல வருடம் ஆகியிருந்தது. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் கண்ட லத்தீன் பூசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுப்பில் குழம்பு கொதிப்பதையும் மறந்துவிடுவார். சாமியார் "தோமினுஸ் வோபிஸ்கும்" என்பாராம், பூசைக்கு உதவும் பையன் "எத் கும் ஸ்பிரித்து தூவோ" என்பானாம், பெண்கள் முக்காடு போட்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்களாம். அவர் போன பிறகுதான் அதை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம் எனக்குள் வந்தது.

போன ஆனி மாதம் திருச்சியிலிருந்து ஒரு வேலையாகச் சென்னைக்குப் போனேன். பெரம்பூரில் பெரியம்மா வீட்டில் தங்கல். அங்கே தெரிந்த ஒருவர்தான், தென்சென்னைப் புறநகரில் ஒரு வீட்டு மாடியில் பழைய முறைப் பூசை நடக்கிறது, பழைய லத்தீன் பூசையை விடாமல் வைத்திருக்கும் பத்தாம் பத்திநாதர் சபைக் குரு ஒருவர் வந்து வைக்கிறார் என்று சொன்னார். "சாமி ஞாயித்துக்கிழமை காலையில எழும்பூர்ல இறங்கி நேரா வந்துடுவார். நீங்க ஏழரைக்கு அங்க இருங்க" என்றார்.

சனிக்கிழமை மாலை கையில் நேரம் இருந்தது. மயிலாப்பூருக்குப் போனேன். லஸ்ஸில் பிரகாச மாதா கோயில், 1516 என்று பொறித்த கல்வெட்டோடு நிற்கிறது. அங்கிருந்து சாந்தோம். இப்போதுள்ள வெள்ளைக் கோதிக் கோயில் 1896-ல் எழும்பியது. ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்து, காவி உடுத்தி, தமிழிலும் சமஸ்கிருதத்திலும் எழுதிக் குவித்து, கடைசியில் கண் பார்வை மங்கி 1656-ல் இந்த மயிலாப்பூரில்தான் இறந்தார். வெளியே சுண்டல் விற்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, பின்பெஞ்சில் உட்கார்ந்து அவரை நினைத்துக்கொண்டேன்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். 1642-ல் எஃப்ரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சு கப்புச்சின் துறவி, பர்மாவின் பெகுவுக்குப் போகிற வழியில் மதராசில் இறங்கினார். கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கர்களும் ஆங்கிலேயர்களும் அவரை இங்கேயே இருத்திக்கொண்டார்கள். சாந்தோமில் இருந்த போர்த்துகீசியக் குருக்களுக்கு அது பிடிக்கவில்லை. பின்னாளில் அவரைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய், மத விசாரணை மன்றத்தின் சிறையில் அடைத்தார்கள். அதற்குப் பிறகும் போர்த்துகீசிய மன்னரின் உரிமைக்குக் கீழ் ஒரு கூட்டம், ரோமாபுரியிலிருந்து நேரே அனுப்பப்பட்டவர்கள் ஒரு கூட்டம் என்று இந்த ஊரில் சண்டை தலைமுறை தலைமுறையாக ஓடியது. மயிலாப்பூர் மறைமாவட்டமும் மதராஸ் உயர்மறைமாவட்டமும் 1952-ல்தான் ஒன்றாயின. "இது யாருடைய சாமி?" என்ற கேள்வி சென்னைக்குப் புதிதல்ல. மறுநாள் காலை எனக்கு அது மறுபடி ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில் பிடித்து, ஷேர் ஆட்டோ மாறி, ஏழு இருபதுக்கே போய்ச் சேர்ந்தேன். குறுகலான மாடிப்படி. மேலே சின்ன ஹால், சுவரோரம் மேசை, இருபது முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்து, "புதுசா தம்பி? செருப்பைக் கீழேயே விட்டுடுங்க" என்றார். சற்று நேரத்தில் கீழே ஆட்டோ நிற்கும் சத்தம். கறுப்பு அங்கியில், நாற்பதைத் தொடும் வயதுள்ள ஒருவர் பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். பாளையங்கோட்டையிலிருந்து ராத்திரி முழுக்க ரயில். ஏறக்குறைய 650 கிலோமீட்டர். "ஸ்தோத்திரம் சாமி" என்று எல்லோரும் எழுந்தார்கள். அவர் ஆசீர்வதித்துவிட்டு, மூலையில் ஒரு நாற்காலியில் திரைத்துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்டார். ஒரு காபி கூடக் குடிக்கவில்லை. நன்மை (வசீகரித்த அப்பம்) வாங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே சாப்பிடாமல் இருப்பது 1957-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் வைத்த ஒழுங்கு. 1964-ல் அது ஒரு மணி நேரமாகக் குறைந்துவிட்டது. இவர்கள் பழையதையே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் பெட்டி திறந்தது. இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். முதலில் கனத்த துணியில் சுற்றிய தட்டையான கல், நோட்டுப் புத்தகம் அளவு இருக்கும். அதற்குள் புனிதர்களின் அருளிக்கம், அதாவது அவர்கள் உடலின் சிறு எச்சம், வைத்து மூடியிருக்கிறது. நிலையான பீடம் இல்லாத இடத்தில் பூசை வைக்க இந்தக் கல் வேண்டும். அவர் அதை இரண்டு கையாலும் எடுத்து மேசை நடுவில் வைத்தார். அதன் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று வெள்ளைத் துணி. நடுவில் பாடுபட்ட சுரூபம், இரு பக்கமும் தேன்மெழுகுத் திரி, லத்தீன் செபங்கள் அச்சிட்ட மூன்று அட்டைகள், 1962-ம் வருடப் பூசைப் புத்தகம். பத்து நிமிடத்தில் சாப்பாட்டு மேசை பீடமாகிவிட்டது. பெரியவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். திரி அணையக் கூடாது, அப்பம் பறக்கக் கூடாது. ஆனி மாதச் சென்னை, மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, சாமிக்கு அங்கியின் மேல் அங்கி. தோள்துணியை முத்தமிட்டுத் தலையில் ஒரு கணம் வைத்து இறக்கி, ஒவ்வொரு உடைக்கும் ஒரு செபம் முணுமுணுத்து உடுத்தினார். கடைசியில் பச்சைப் பூசை உடை. இடது கையில் ஒரு சிறு பட்டை தொங்கியது. 1967-க்குப் பிறகு அது கட்டாயமில்லை என்று ஆகி, மற்ற கோயில்களில் மறைந்தே போய்விட்டது.

"இன்த்ரோயிபோ அத் அல்தாரே தேயி" என்று அவர் பீடத்தின் அடியில் நின்று தொடங்கினார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தடுமாறாமல் பதில் சொன்னான். அதற்குப் பிறகு பெரும்பாலும் அமைதிதான். கீழே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் போட்டது. அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது மணி அடித்ததும் ஹால் முழுக்க மூச்சே இல்லாதது போல இருந்தது. நான் கவனித்த ஒன்று: அப்பத்தை வசீகரித்த (மந்திரம் சொல்லி அர்ப்பணித்த) பிறகு அவர் வலது கையிலும் இடது கையிலும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்தே வைத்திருந்தார். புத்தகத் தாளைப் புரட்டும்போதும், கிண்ணத்தைத் தூக்கும்போதும் மற்ற விரல்களால்தான். விரலைக் கழுவும் வரை அவை பிரியவே இல்லை. துகள் ஒன்று கூடத் தவறிவிடக் கூடாது என்ற அந்தக் கவனம் என்னை உலுக்கிவிட்டது. அப்பாச்சி இதைத்தான் பார்த்திருப்பார்.

பிரசங்கம் நல்ல தமிழில் பத்து நிமிடம். பூசை முடிந்ததும் எல்லோரும் முழங்காலில் நின்று மூன்று அருள்நிறை மந்திரமும் கிருபை தயாபத்து மந்திரமும் மிக்கேல் சம்மனசு செபமும் தமிழில் சொன்னார்கள். பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் காலத்திலிருந்து வரும் வழக்கம் அது.

இட்லி சாப்பிடும்போதுதான் அவரோடு பேச முடிந்தது. ஆஸ்திரேலியாவில் கோல்பர்ன் என்ற ஊரில் சபைக்கு ஒரு குருமடம் இருக்கிறது, அங்கே படித்தவர். 1972-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் மாற்றியமைத்த பழைய படிகள் எல்லாம் அங்கே இன்னும் வரிசையாக உண்டு: முடி கத்தரிப்பு, வாயிற்காப்போன், வாசகர், பேயோட்டுபவர், பீடத்துணைவர், உபதியாக்கோன், தியாக்கோன், அப்புறம்தான் குருப்பட்டம். உலகம் முழுக்க இந்தச் சபையில் 700 குருக்களுக்கு மேல் இருக்கிறார்கள். கேட்கும் இடங்களுக்கெல்லாம் அது போதவில்லை.

மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "சாமி, நாங்க மறைமாவட்டப் பங்குக்காரங்க. உங்க பூசைக்கு வர்றது சரியா, தப்பான்னு வீட்ல கேக்குறாங்க."

அவர் கோபப்படவில்லை. லெஃபேவ்ர் ஆண்டகை 1970-ல் சபையைத் தொடங்கியதும், 1988-ல் ரோமையின் அனுமதி இல்லாமல் நான்கு ஆயர்களை அபிஷேகம் செய்ததும், அதனால் திருச்சபை விலக்கம் வந்ததும், 2009-ல் பதினாறாம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் அந்த நால்வர் மேலிருந்த விலக்கத்தை நீக்கியதும் மறைக்காமல் சொன்னார். 2015-ல் பிரான்சிஸ் பாப்பரசர் இந்தச் சபைக் குருக்களிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் செல்லும் என்று அறிவித்தார், மறுவருடம் அதை நீட்டித்தார். அதே பாப்பரசர் 2021-ல் பழைய பூசையை உலகெங்கும் கட்டுப்படுத்தினார். "எல்லாம் தீர்ந்துடுச்சின்னு நான் சொல்ல மாட்டேன். உங்க பங்குச் சாமிகிட்டயும் கேளுங்க" என்றார். அவர் சபையை விட்டுக்கொடுக்கவில்லை, என் பங்குச் சாமியையும் தாழ்த்தவில்லை. அந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. சட்டச் சிக்கல் எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும், முப்பது பேருக்காக ஒரு மனிதர் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வருவதை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

மதியம் அவரோடு படுக்கையில் இருந்த ஒரு பாட்டியைப் பார்க்கப் போனேன். அவஸ்தைப் பூசுதல், நோயில் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு. கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றாக எண்ணெய் தொட்டார். பாட்டி எதுவும் பேசவில்லை, சாமியின் அங்கி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவராகக் கையை விடும் வரை சாமியும் நகரவில்லை.

இரவு ரயிலுக்குப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு எழும்பூர் போனேன். இரண்டு தடவை கை மாற்ற வேண்டியிருந்தது. நடைமேடையில் நின்றபடியே அவர் குருக்கள் தினமும் சொல்லியாக வேண்டிய லத்தீன் கட்டளை செபத்தை உதடு அசையச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு மேல் பெர்த். ஏறியதும் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளப் போனேன்.

"வேண்டாம் தம்பி, மேலே கொடுங்க," என்றார். "அதுல புனிதர்கள் இருக்காங்க. காலடியில வைக்கிறதில்ல."

எக்கித் தூக்கிக் கொடுத்தேன். அவர் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.