ரிப்போர்ட்டில இருந்த அந்த ரெண்டாவது வரி

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நான் டியூட்டி முடிச்சு வெளிக்கிடப் போற நேரம் பாத்து வெள்ளவத்தையில இருந்து ஒரு அன்ரி ரிப்போர்ட் என்வலப்போட திரும்பி வந்து நிக்கிறா, முகமெல்லாம் வேர்வை. "பிள்ளை, இதில டென்ஸ் எண்டு போட்டிருக்காம், கனடாவில மகள் வட்ஸ்அப்ல பாத்திட்டு ராத்திரி முழுக்க நித்திரை கொள்ளேல்ல, இது என்ன வருத்தம்?" எண்டு கேட்டா. ரெண்டு கிழமைக்கு முதல் அவவுக்கு மமோகிராம், அதுதான் மார்பு எக்ஸ்ரே, எடுத்தது நான்தான். வருத்தம் இல்ல அன்ரி எண்டு கதிரைய இழுத்துப் போட்டன், ஆனா அதுக்கு மேல என்னத்த சொல்றது எண்டு ஒரு நிமிஷம் எனக்கே ஓடேல்ல.

கொழும்பில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில 14 வருஷமா இந்த மெஷினோட நிக்கிறன். ரெண்டு பக்கமும் மேலிருந்து ஒண்டு, சரிச்சு ஒண்டு, மொத்தம் 4 படம். வாற ஆக்களோட பெரிய சண்டை தாலிக்கொடியும் பவுடரும்தான். கொடிய கழட்ட மாட்டினம், சரி எண்டு முதுகுப் பக்கம் தூக்கிப் போட்டு விடுவன். ஆனா கமக்கட்டில பூசின பவுடர துடைச்சே ஆகோணும், இல்லாட்டி படத்தில சின்னச் சின்ன வெள்ளப் புள்ளியா விழுந்து சுண்ணாம்புப் படிவு மாதிரியே தெரியும். பிறகு தட்டு இறங்கி அமத்தேக்க "ஐயோ மிஸ்" எண்டு கத்துவினம், மூச்சப் பிடியுங்கோ எண்டு நான் கத்துவன், முடிஞ்சுது.

டென்ஸ் எண்ட கதை இதுதான். மார்பில கொழுப்பு இருக்கிற இடம் படத்தில கறுப்பா விழும், சுரப்பியும் நார் இழையும் வெள்ளையா விழும், அந்த வெள்ள கூட இருந்தா டென்ஸ், அதாவது அடர்த்தி கூட. கட்டியும் வெள்ளதான், அதுதான் பிரச்சினை. வெளிநாட்டுக்காரர் இத பனிக்குள்ள பனி உருண்டைய தேடுறது எண்டு விளங்கப்படுத்துறவை, நாங்கள் பனிய எங்க கண்டம்? நான் அன்ரிக்கு சொன்னது, வெள்ள மாப்பிட்டுக்குள்ள ஒரு சொட்டு தேங்காய்ப்பூவ தேடுற மாதிரி எண்டு. உடன பிடிச்சிட்டா. ஏ, பி, சி, டி எண்டு நாலு வகையா பிரிப்பினம், சியும் டியும் டென்ஸ். கையால அமத்திப் பாத்து இது தெரியாது, படம் எடுத்தாத்தான் தெரியும். அமெரிக்காவில 40 தாண்டின பெண்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் இந்த ரெண்டுக்குள்ளதான், அதால இது ஒரு வருத்தமே இல்ல. ஆனா படத்தில கட்டிய மறைக்கிறதோட, புற்றுநோய் வாற சான்ஸையும் கொஞ்சம் கூட்டும், அதையும் ஒளிக்க ஏலாது.

இத நான் முந்தி ஒருத்தருக்கும் சொல்றேல்ல. படம் எடுக்கிற ரேடியோகிராபர் ரிசல்ட் கதைக்கக் கூடாது எண்டது சட்டம் மாதிரி. சில வருஷத்துக்கு முதல் ஒரு டீச்சர் வந்தவ, ரிப்போர்ட் நோர்மல், அடர்த்தி சி. "ஒண்டும் இல்லத்தானே மிஸ்?" எண்டு கேட்டா, டொக்டரிட்ட காட்டுங்கோ எண்டு சிரிச்சு அனுப்பிட்டன். பத்து மாசத்தால கட்டியோட வந்தா. அல்ட்ராசவுண்ட் புரோப்ப வச்ச உடன தெரிஞ்சுது. பழைய படத்த மொனிட்டரில போட்டுப் பாத்தம், அந்த இடம் முழுக்க வெள்ள, படத்த வாசிக்கிற டொக்டர், ரேடியோலொஜிஸ்ட், கண்ணாடிய கழட்டித் துடைச்சுப் போட்டு திரும்பவும் பாத்தார், வெள்ளதான். ஆரையும் பிழை சொல்ல ஏலாது. அவ பிறகு 138 பஸ்ஸில ஏறி மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ட்ரீட்மென்டுக்கு போய் வந்தவ, இப்ப சுகம். ஆனா நான் சிரிச்ச சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம். அண்டையில இருந்து என்வலப் குடுக்கேக்க அடர்த்தி எழுதியிருக்கிற அந்த ரெண்டாவது வரிக்கு கீழ பேனையால ஒரு கோடு, டொக்டரிட்ட இத கட்டாயம் கேளுங்கோ எண்டு. இன்சார்ஜ் ரெண்டு தரம் ஏசிட்டா.

அதுக்காக எல்லாரையும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு கலைக்கவும் மனம் வரேல்ல. ஏனெண்டா எனக்கே போன வருஷம் எடுத்தது, டி வந்துது, ஸ்கேன் செய்ய ஏதோ தெரியுது எண்டு ஊசி குத்தி எடுத்தவை, கடைசியில சும்மா கட்டி. அந்த அஞ்சு நாளும் சோறு இறங்கேல்ல. ஜப்பானில 40களில இருக்கிற பெண்கள வச்சு செய்த பெரிய ஆய்வில மமோகிராமோட ஸ்கேனையும் சேர்க்க, கண்டுபிடிக்கிற திறன் 77 வீதத்தில இருந்து 91க்கு ஏறினது, ஆனா வீணா பயப்படுத்தினதும் கூடினது. நெதர்லாந்தில டி வகைப் பெண்களுக்கு எம்.ஆர்.ஐ செய்யக் குடுத்துப் பாத்தவை, 2019ல ரிசல்ட் வந்துது, ரெண்டு ஸ்கிரீனிங்குக்கு இடையில திடீரெண்டு வாற புற்றுநோய் ஆயிரத்துக்கு 5ல இருந்து 2.5ஆ இறங்கினது. 2025ல பிரிட்டனில வந்த ஆய்வில, நோர்மல் எண்டு வந்த டென்ஸ் ஆக்கள்ல தானியங்கி அல்ட்ராசவுண்ட் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 4 பேரிலயும், சுருக்கமான எம்.ஆர்.ஐ 17 பேரிலயும், மருந்து ஏத்தி எடுக்கிற மமோகிராம் 19 பேரிலயும் புற்றுநோய கண்டுபிடிச்சிருக்கு. எங்கட ஊரில எம்.ஆர்.ஐ விலைய சொன்னாலே ஆக்கள் எழும்பிடுவினம். இங்க எல்லாருக்கும் கடிதம் போட்டு மமோகிராமுக்கு கூப்பிடுற முறையே இல்ல, பெண்களுக்கான சுகவனிதா கிளினிக்கில கையால பாக்கிறதுதான், அதுக்கே ஆக்கள் வெக்கப்பட்டுக் கொண்டு போகாயினம்.

இவ்வளவையும் அன்ரியிட்ட கொட்டேல்ல. டொக்டரிட்ட ஸ்கேனப் பற்றிக் கேளுங்கோ எண்டன். "அப்ப இனி ஸ்கேன் மட்டும் காணும் என்ன, அந்த அமத்திற மெஷின் வேண்டாம்" எண்டா. இல்ல அன்ரி, சில நேரம் புற்றுநோயின்ர முதல் அடையாளமா வாற சுண்ணாம்புப் புள்ளிய மமோகிராம்தான் நல்லா காட்டும், ஒண்டுக்கு மற்றது பதில் இல்ல எண்டு சொல்ல முகம் சுருங்கிட்டுது.

அதுக்குள்ள மகள் வட்ஸ்அப்ல எடுத்திட்டா, அன்ரி ஸ்பீக்கர்ல போட்டு போன என்ர பக்கம் நீட்டினா. திரும்ப முதல்ல இருந்து, பிட்டு, தேங்காய்ப்பூ. அங்கால கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அக்கா, எனக்கு 41. நான் இன்னும் ஒருக்காவும் எடுக்கேல்ல."

அன்ரி போன திருப்பி எடுத்து ஸ்பீக்கர நிப்பாட்டிட்டு காதில வச்சா.