ஹாலிபர்ன் மலையில் ஒரு பனிநாள்

கனடாவின் வான்கூவர்க்காரர்களுக்கு ஹாலிபர்ன் வீட்டுப் பக்கத்து மலை. நகரத்திலிருந்து அரைமணி நேரம் காரில் போனால் அந்த மலை இருக்கும் சைப்ரஸ் பூங்கா. 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் ஸ்னோபோர்டு போட்டிகள் நடந்த இடம். மலையின் உயரம் 1,326 மீட்டர். கார் நிறுத்துமிடமே 900 மீட்டரைத் தாண்டிவிடுவதால் ஏற வேண்டியது நானூறு மீட்டர் சொச்சம்தான். கோடையில் குழந்தைகளைக்கூடக் கூட்டிப் போகலாம். ஜனவரியில் கதையே வேறு.

முந்தின இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. விடிந்ததும் கிளம்பிவிட்டதால் எங்களுக்கு முன்னால் ஒரு காலடித் தடம்கூட இல்லை. வெறும் பூட்ஸோடு இறங்கினால் தொடைவரை புதையும். பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான ஸ்னோஷூ நம் எடையை அகலமாகப் பரப்பிவிடுவதால் கால் அவ்வளவு ஆழம் போவதில்லை. அடியில் உள்ள உலோகப் பற்கள் ஏற்றத்தில் பிடிமானம் தரும். குதிகாலுக்குக் கீழே ஒரு கம்பி இருக்கும். செங்குத்தான இடத்தில் அதை நிமிர்த்திவிட்டால் கெண்டைக்கால் பிழைத்தது. வாடகைக்கு எடுக்கும்போது அந்தக் கம்பி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

புதுப்பனியில் முதல் ஆளுக்குத்தான் அத்தனை உழைப்பும். பின்னால் வருபவர்கள் அவர் மிதித்த தடத்திலேயே கால் வைத்துப் போய்விடலாம். அதனால் முறை வைத்து நடந்தோம். "டேய், மூச்சு வாங்குது உனக்கு, பின்னாடி வா" என்று ஒருவன் தோளைத் தொட்டு முன்னே போவான். கொஞ்ச தூரத்தில் அடுத்தவன். கேட்டு வாங்கிய உதவி ஒன்றுகூட இல்லை. இவர்களோடு எந்த மலைக்கும் போவேன்.

மேலே போகப் போக ஹெம்லாக், மஞ்சள் சீடர் மரங்கள். பார்க்க அழகு, அடிமரத்தை நெருங்கக் கூடாது. தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுத்துவிடுவதால் மரத்தைச் சுற்றி மறைவான பள்ளம் உண்டாகிறது. தலைகீழாக விழுந்தால் உதிரிப் பனி மூச்சை அடைத்துவிடும். வந்தவர்களில் புதியவருக்கு இதைத்தான் முதலில் சொன்னோம்.

உச்சியில் மேகம் விலகியிருந்தது. வடக்கே 'லயன்ஸ்' இரட்டைச் சிகரங்கள். 1938இல் திறந்த லயன்ஸ் கேட் பாலத்துக்குப் பெயர் தந்தவை. தென்கிழக்கே எல்லைக்கு அப்பால், அமெரிக்காவில், 3,286 மீட்டர் பேக்கர் எரிமலை. ரொட்டியைப் பிரித்ததும் கனடா ஜே பறவைகள் கைக்கே வந்து உட்கார்ந்தன. கொடுக்க ஆசைதான், கொடுக்கவில்லை. மரப்பட்டை இடுக்குகளில் எச்சிலால் ஒட்டிச் சேர்த்துவைத்த இரையைக் கொண்டே குளிர்காலத்தைக் கடத்தத் தெரிந்த பறவை அது.

ஜனவரியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மதியமே இறங்கிவிட்டோம். நகர விளக்குகள் கண்ணுக்குத் தெரிகிற தூரம் என்பதாலேயே பலர் டார்ச்கூட இல்லாமல் வருகிறார்கள். இருட்டில் வழி தவறினால் தேடி வருபவர்கள் நார்த் ஷோர் ரெஸ்க்யூ மீட்புக் குழுவின் தன்னார்வலர்கள். தங்கள் வேலையை, தூக்கத்தை விட்டுவிட்டு வருகிறவர்கள். கிளம்புமுன் அவலாஞ்ச் கனடாவின் அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் படியுங்கள். தலைவிளக்கு, மாற்றுக் கையுறை, இன்னொரு கம்பளிச் சட்டை கட்டாயம் பையில் இருக்கட்டும்.