தண்ணீர் மாறிய பின்னேரங்கள்

பங்குனி பிறந்தால் யாழ்ப்பாணத்தில் வெயில் ஏறத் தொடங்கும். நான் இப்போது இருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அதே நாட்களில்தான் கோடை இறங்கும். வந்த புதிதில் இந்தத் தலைகீழ்க் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. மதிலுக்குத் தெற்குப் பக்கம் கீரைப் பாத்தி போட்டேன். இங்கே மத்தியானச் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். குளிர்காலம் முழுக்க வெயில் படாமல் கீரை வெளிறிப் போனது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த மாதம் மார்ச். புழுக்கம் குறைந்துவிடும். பின்னேரம் நாலரைக்குப் பிறகு வளவில் கதிரையைப் போட்டு இருந்தால், நினைவு எப்படியும் ஊரில் நாம் படித்த கல்லூரியின் தோட்டத்துக்குப் போய்விடும்.

அந்தக் கிணற்றடி கூடப் படித்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும். விவசாய மாஸ்டர் எங்களுக்கு ஆளுக்கொரு வரிசை வெங்காயப் பாத்தி தருவார். வாய்க்கால் வரம்பை மண்வெட்டியால் வெட்டி ஒரு பாத்திக்குத் தண்ணீர் விடவேண்டும். நிரம்பியதும் அடைத்து அடுத்ததற்கு மாறவேண்டும். நான் அவசரக்காரன், பாதி நிரம்பும் முன்பே அடுத்ததை வெட்டிவிடுவேன். "தம்பி, தண்ணி மூலை மட்டும் போகட்டும். அதுவரைக்கும் ஒண்டும் செய்யாதை, பாத்துக்கொண்டு நில்" என்பார்.

நின்று பார்ப்பேன். தண்ணீர் முதலில் வெடிப்புகளுக்குள் இறங்கும். சின்னச் சின்னக் குமிழி வரும். அப்புறம் வெங்காயத் தாள்களின் அடியைத் தொட்டுக்கொண்டு, ஒரு சருகைத் தள்ளியபடி, மெல்ல மூலைக்கு ஊரும். சும்மா நின்று பார்க்க எனக்குப் பழக்கியவர் அவர்தான். அந்தக் கடன் பெரிது.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இங்கேயே பிறந்தவர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோதான் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்த முதல் கப்பல். அதற்குப் பின் வந்த ஏதோ ஒரு கப்பலில் வந்தவர்களாம் அவருடைய முன்னோர். தமிழில் பேச அவருக்கு வராது. ஆனால் முருங்கை, அகத்தி எல்லாம் அவர் வாயில் தமிழ்தான். அவருடைய அம்மா டர்பனின் இன்னொரு பகுதியான கேட்டோ மேனரில் காய்கறித் தோட்டம் செய்தவர். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைத்த, 1950இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தால் அந்த நிலத்தை விட்டு எழும்ப வேண்டி வந்தபோது, கறிவேப்பிலையின் வேர்க்கன்று ஒன்றைப் பால்மாத் தகரத்தில் வைத்து மடியில் சுமந்து வந்தாராம்.

அதன் கன்று ஒன்றை அக்கா எனக்குத் தந்தார். இன்று அது என் வளவில் கூரை உயரத்துக்கு நிற்கிறது. கோடை முடியும் இந்த நாட்களில் பழங்கள் கறுத்துக் கொத்தாகத் தொங்கும். கொண்டைக்குருவிகள் விடியவே வந்துவிடும். குரங்குகளும் வரும், ஆனால் அவற்றுக்கு வாழைக்குலையில்தான் கண்.

இந்தக் கிழமை மழை இல்லை. நேற்றுப் பின்னேரம் மரத்தடிப் பாத்திக்குக் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். உள்ளே தொலைபேசி அடித்தது. தண்ணீர் மூலைக்குப் போய்ச் சேரும் மட்டும் நான் அசையவில்லை.