கொங்கு நாட்டில் யானையைவிட ஆற்றுக்குப் பயப்படுங்கள்

வால்பாறை, வெள்ளிங்கிரி, கொடிவேரி என்று கிளம்பினால் வீட்டில் முதலில் கேட்பது யானையைப் பற்றித்தான். அடுத்தது பாம்பு. இரண்டும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கொங்குப் பக்கம் சுற்றியதில் எனக்கு வயிற்றைக் கலக்கியது ஆறும் ஏற்றமும்தான்.

மேட்டுப்பாளையத்தில் பவானியைப் பார்த்தால் யாருக்கும் இறங்கத் தோன்றும். பாறைகளுக்கு நடுவே முழங்கால் அளவுதான் ஓடும். நாங்கள் அப்படி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்த அன்று மழையும் இல்லை, மேகமும் இல்லை. கரையோரம் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா சட்டென்று வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். "ஏனுங் தம்பி, கல்லுல ஈரம் ஏறுது பாருங்க. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு மேல வந்துருங்க" என்றார். குனிந்து பார்த்தால், சற்று முன்பு காய்ந்து கிடந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் புது ஈரம். கரையேறிச் செருப்பை மாட்டுவதற்குள் அந்தப் பாறைக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டது. மேலே பில்லூர் அணையில் மின்சாரம் எடுக்கத் தண்ணீர் விட்டால் இங்கே மட்டம் ஏறும். வெயில் அடிக்கிறதா என்று வானத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை. உள்ளூர்க்காரர் எங்கே குளிக்கிறாரோ அங்கே குளியுங்கள், அவர் ஏறினால் நீங்களும் ஏறுங்கள்.

வால்பாறை ஆறுகளும் இதே கதைதான். 2023 அக்டோபரில் அங்கே குளிக்கப் போன கோவை மாணவர்கள் 5 பேர் ஒரே நாளில் மூழ்கி இறந்துவிட்டார்கள். ஒருவர் மூழ்கினால் நீச்சல் தெரியாதவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. வேட்டி, துப்பட்டா, கயிறு, காலி கேன் எது கிடைத்தாலும் கரையிலிருந்து வீசுங்கள்.

வெள்ளிங்கிரிக்கு வருவோம். பூண்டியில் தொடங்கி ஏழு மலை. பிப்ரவரி முதல் மே வரைதான் வனத்துறை விடுகிறது. சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் கூட்டம் அள்ளும். முதல் மலையின் படிக்கட்டிலேயே பாதிப் பேருக்கு நாக்கு தள்ளிவிடும். வேகமாக ஏறும் இளவட்டங்களைப் பார்த்து நாமும் போட்டிக்கு ஏறுவதுதான் அங்கே செய்யக் கூடாத காரியம். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே நம் வேகம். ஒவ்வொரு வருடமும் இந்த மலையில் நெஞ்சுவலி வந்து யாராவது இறந்த செய்தி வருகிறது. இதய நோய், மூச்சுக்கோளாறு, கட்டுப்படாத சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். சாமி கோபிக்க மாட்டார். நெஞ்சு இறுகினாலோ இடது கை, தாடை வலித்தாலோ "கேஸ்தான்" என்று சோடா குடித்துவிட்டு மேலே ஏறாதீர்கள். அங்கேயே உட்காருங்கள், கூட வருபவரிடம் சொல்லுங்கள். இன்னொன்று: கீழே வியர்த்து ஊற்றும், ஆறாவது மலை தாண்டினால் குளிர்காற்று பிடித்துக்கொள்ளும். ஈரச் சட்டையோடு நிற்காமல் மாற்று ஒன்று வைத்திருங்கள். அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடி ஏறும்போது பாரமாகத் தெரியும். இறங்கும்போது முட்டி அதற்கு நன்றி சொல்லும்.

சமவெளியில் வெயில். பங்குனி, சித்திரையில் ஈரோடும் கரூர் பரமத்தியும் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பொள்ளாச்சி இளநீர் தாராளமாகக் குடிக்கலாம், மோரும் நல்லது. பேதி என்றால் மட்டும் ஓ.ஆர்.எஸ். தான். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதி டம்ளரில் கெட்டியாகக் கலக்கிக் குழந்தைக்குக் கொடுப்பதைப் பேருந்தில் பார்த்தேன். அது நோயைக் கூட்டும்.

பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாயோ குரங்கோ கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்குப் போங்கள். வால்பாறை அட்டை பாவம், ரத்தம் மட்டும்தான் குடிக்கும். நகத்தால் மெல்லத் தள்ளிவிட்டுக் கழுவினால் போதும்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வரும் என்று தெரிந்தவர்கள் அவோமின் மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளலாம். ஓட்டுகிறவர் தொடக் கூடாது, தூக்கம் வரும். சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையில் வளைவு 27தான், ஆனால் புலிகள் காப்பகம் என்பதால் இரவில் வண்டி விடுவதில்லை. பொழுதோட பண்ணாரி சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது என்று தோன்றினால் சத்தியமங்கலத்திலேயே அறை எடுத்துவிடுங்கள். காலை 6 மணிக்குச் சோதனைச் சாவடி திறந்ததும் கிளம்பலாம்.